கரிசல் காட்டின் கணக்கும் ஜேசனும்

நாகலாபுரத்துப் பிஞ்சை ஒன்றின் விவரத்தைக் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவை லேசில் மாறாதவை; அட்டவணையில் ஆளுக்கொரு நெடுவரிசை போதும். பயிர் அப்படி அடங்காது. மானாவாரி நிலத்தில் புரட்டாசிப் பட்டத்துக்கு ஒரு வருடம் மக்காச்சோளம் மட்டும், மறு வருடம் கம்பும் உளுந்தும் கலந்து, இன்னொரு வருடம் மிளகாய்க்கு ஊடே மல்லி. ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டியவை வேறு. எல்லாவற்றுக்கும் நெடுவரிசை திறந்தால் பெரும்பாலானவை காலியாகவே கிடக்கும். இப்படி மாறும் விவரங்களைப் பெயரும் மதிப்புமாக எழுத வழி செய்வது ஜேசன். கோவில்பட்டியில் கடலைமிட்டாய், தீப்பெட்டி வியாபாரத்துக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுவோர் இதைப் பார்த்திருப்பார்கள். ஜிஎஸ்டிஆர்-1 ஆஃப்லைன் கருவி தருவது ஜேசன் கோப்புதான்.

அதை வெறும் எழுத்தாகப் போட்டு வைத்தால் போதாதா? போதாது. ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனாலும் டேட்டாபேஸ் கண்டுகொள்ளாது. உளுந்து விதைத்த நிலங்களைக் கேட்டால் ஒவ்வொரு பதிவையும் பிரித்துப் படிக்க வேண்டிவரும். திறந்தமூல டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ், 2012இல் வந்த 9.2 பதிப்பில், ஜேசனைத் தனி வகையாக ஏற்று, பிழையானதை வாசலிலேயே மறுத்தது. 2014இல் 9.4 பதிப்பு ஜேசன்பி வகையைக் கொண்டுவந்தது. ஓலெக் பார்துனோவ், தியோடர் சிகாயெவ், அலெக்சாண்டர் கொரோட்கோவ், ஆண்ட்ரூ டன்ஸ்டன் முதலானோரின் உழைப்பு அது. தகவலை முன்கூட்டியே பிரித்து பைனரியாக வைப்பதால், உள்ளே இருப்பதற்கும் இண்டெக்ஸ் போட்டுச் சட்டென்று தேடலாம். ஆனால் இடைவெளிகளும் பெயர்களின் வரிசையும் அதில் தங்காது. ஒரே பெயர் இருமுறை வந்தால் கடைசி மதிப்பே நிற்கும். டிஜிட்டல் கையொப்பமிட்ட ஆவணத்தில் ஒரு இடைவெளி மாறினாலும் சரிபார்ப்பு தவறிவிடலாம். எழுத்து மாறாமல் காக்கும் பழைய வகையையும் விட்டுவைத்தது மிகச் சரியான முடிவு.

கட்டுப்பாடு குலைந்துவிடும் என்று டேட்டாபேஸ் வல்லுநர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஒருவர் ‘உளுந்து’ என்றும் இன்னொருவர் ‘உளுந்தம் பயறு’ என்றும் எழுதினால், கேட்கும்போது பாதி நிலம் விடுபடும். ஒரு சொல்லைத் திருத்தவும் முழு ஜேசனையும் மீண்டும் எழுத வேண்டும் என்பதும் உண்மைதான். அதற்காகப் பயிர் விவரத்தை மட்டும் வேறொரு டேட்டாபேஸுக்கு அனுப்பினால், நடுவே மின்சாரம் போகும்போது நிலம் இங்கே பதிவாகி, பயிர் அங்கே பதிவாகாமல் போகக்கூடும். ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒரே பரிவர்த்தனை: பதிவானால் இரண்டும் பதிவாகும், இல்லையேல் இரண்டும் இல்லை. பயிர்க் காப்பீட்டுப் பணம் அந்தப் பதிவை நம்பி இருக்கும்போது இது சிறிய விஷயமல்ல. அதே காரணத்தால், பணத்தைத் தீர்மானிக்கும் சேத அளவு ஜேசனுக்குள் கிடக்கக் கூடாது; அதற்குத் தனி நெடுவரிசையும் நிபந்தனையும் வேண்டும். ஏற்கெனவே உள்ளே போட்டுவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது: 2019இல் வந்த 12ஆம் பதிப்பு முதல், ஜேசனில் உள்ள மதிப்பைத் தானே எடுத்து நிரப்பிக்கொள்ளும் நெடுவரிசையைப் போஸ்ட்கிரெஸில் அமைக்கலாம்.