‘பிரஷர் மாத்திரை’ என்று எழுதினால் போதுமா? முதியோரின் மருந்துப் பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்?

ஏழாயிரம்பண்ணை போன்ற ஊர்களில் வயதானவர்களுக்கு மருந்து ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சிவகாசியில் தனியார் டாக்டர் எழுதித் தந்தது தனி. மூட்டுவலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கியது வேறு. எல்லாம் ஒரே மஞ்சள் பையில் கிடக்கும்.

அந்தப் பையோடு ஒருவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது, “என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?” என்று கேட்டால், “காலையில பிரஷர் மாத்திரை, ராத்திரி சின்னதா ஒரு வெள்ளை மாத்திரை” என்பார்கள். நோட்டிலும் அப்படியே ஏறிவிடும்.

சிக்கல் இங்கேதான். அரசு தரும் அட்டையில் ‘அம்லோடிபின்’ என்று மூலப்பெயர் இருக்கும். தனியார் அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், அதே அம்லோடிபின் பொடி எழுத்திலும் இருக்கும். இரண்டையும் வேறு வேறு மருந்தென்று நினைத்துக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து, எழும்போது விழுவார்கள். சர்க்கரைக்கான கிளிமிபிரைடு இரட்டிப்பானால் இன்னும் ஆபத்து: சர்க்கரை தாழ்ந்து வியர்க்கும், பேச்சு குழறும். “வயசாயிருச்சு, உளர்றாரு” என்று விட்டுவிடுவதும் நடக்கிறது.

வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டைக்ளோஃபினாக் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அது பதிவில் இல்லாவிட்டால், டாக்டர் பிரஷர் மாத்திரையின் அளவைத்தான் கூட்டுவார்.

அமெரிக்காவில் அரசு நிதி பெறும் முதியோர் பராமரிப்பு இல்லங்கள், ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். கடந்த 7 நாளில் கொடுத்த ஆபத்து மிகுந்த மருந்து வகைகளும், அவற்றுக்கான காரணம் பதிவாகியிருக்கிறதா என்பதும் அதில் கேட்கப்படும். மனப்பதற்ற மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுத்திருந்தாலும் மனப்பதற்ற மருந்து என்றே குறிக்க வேண்டும். நல்ல விதி, தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று தூங்கவைப்பது அப்போதுதான் வெளியே தெரியும்.

நம்மூர் நோட்டுக்கு மூலப்பெயர், மில்லிகிராம் அளவு, வேளை, எதற்காக, யார் எழுதியது, தொடங்கிய தேதி ஆகியவை போதும். நிறுத்திய மருந்தைத் தேதி போட்டு அடிக்க வேண்டும். ‘கொடுத்தாச்சு’ என்பதும் ‘விழுங்கினார்’ என்பதும் ஒன்றல்ல. மறுத்தால் அதையும் எழுதலாம். மெடிக்கலில் வெட்டித் தரும் அட்டைத் துண்டில் பெயர் போய்விடும் என்பதால் பில்லைச் சேர்த்து வைப்பது உதவும். ஒரே மருந்து இரண்டு முறை இருப்பது தெரிந்தால், எதை நிறுத்துவது என்று டாக்டரே சொல்லட்டும்.

108 ஆம்புலன்ஸில் ஏற்றும்போது இந்தத் தாளின் நகல் கூடவே போக வேண்டும். திரும்பி வந்ததும் டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒப்பிட்டு, பட்டியலைப் புதிதாக எழுத வேண்டும்.