கையில் வரும் காசை ஏன் உதறுகிறோம்?

பிளஸ் டூவுக்குப் பொருளியல் நடத்துகிற எனக்கு, பாடப்புத்தகத்தை விட்டு விலகிச் சொல்லப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1982-ல் ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் சகாக்களும் நடத்தியது. ஒருவரிடம் பணம் கொடுத்து, முகம் தெரியாத இன்னொருவருடன் பங்கிடச் சொல்வார்கள். இன்னொருவர் சம்மதித்தால் இருவருக்கும் பணம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை.

கணக்குப்படி, நூறில் ஒரு ரூபாய் வந்தாலும் லாபம். மனிதர்களோ இருபதுக்குக் கீழே என்றால் பல நேரங்களில் வேண்டாம் என்கிறார்கள். 2007-ல் லைப்சிக்கில் சிம்பன்சிகளுக்கு உலர்திராட்சை வைத்து ஆடினார்கள். அவை கொஞ்சம் கிடைத்தாலும் ஏற்றுக்கொண்டன!

அப்படியானால் குறைந்த பங்கை உதறவைக்கும் நம் கோபம் முட்டாள்தனமா? இல்லை என்கிறார்கள் பரிணாம ஆய்வாளர்கள் பலர். சிறு கூட்டமாக வாழ்ந்த காலத்தில், இன்று ஏமாறச் சம்மதித்தவனை நாளை எல்லோரும் ஏமாற்றுவார்கள். இன்றைய நஷ்டம் நாளைக்குக் காவல். இது எனக்கும் நியாயமாகவே படுகிறது. ஆனால் முழு விடை இதுவல்ல என்பதில் உறுதியாக இருக்கிறேன். பெருவின் அமேசான் காட்டில் மச்சிகெங்கா மக்களிடம் ஜோசப் ஹென்ரிச் இதே ஆட்டத்தை நடத்தியபோது, கால்வாசிப் பங்கைக்கூட மறுப்பவர் அரிதாகவே இருந்தார். கோபப்படும் திறனைப் பரிணாமம் தந்திருக்கலாம். எதற்குக் கோபப்படுவது என்பதை ஊர்தான் கற்றுக்கொடுக்கிறது. பாப்புவா நியூ கினியின் அவு, க்னாவு மக்களில் சிலர் பாதிக்கு மேல் கொடுத்தபோதும் மறுத்தார்கள். அங்கே பெரிய பரிசு என்பது பின்னாளில் ஈடுசெய்தாக வேண்டிய கடன்.