மேற்காற்றும் விமானப் பிரயாணமும்

ஆற்றின் ஓட்டத்தை நோக்காது ஓடம் விடுவோன் கருதிய துறையைச் சேரான். வானில் விமானம் செலுத்துவோனுக்குக் காற்றும் அத்தகையதே. பிளைட் சிமுலேட்டர் என்னும் கணினிக் கருவியில் விமானம் ஓட்டிப் பழகுவோர் பலர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். நாமும் ஒருமுறை மறந்தோம்.

அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரினின்று நேர் மேற்கே 200 கடல் மைல் செல்லக் கருதினோம். நமது சிறு விமானத்தின் வேகம் 100 நாட். அஃதாவது மணிக்கு 100 கடல் மைல். இரண்டு மணி நேரம் போதுமாதலின், இரண்டரை மணிக்குரிய எரிபொருள் கொண்டு, 9,000 அடி உயரத்திற் பறந்தோம். ஆங்கு எதிர்க்காற்று 25 நாட். எனவே, தரையைக் கடந்த வேகம் 75 நாட்டே ஆயிற்று. பிரயாணத்திற்கு வேண்டியது 160 நிமிடம். எரிபொருளோ 150 நிமிடத்தில் தீர்ந்தது. இலக்கிற்கு 12½ கடல் மைல் இப்பால் ஒரு வயலில் இறங்கினோம். கணினியாதலின் நாணத்தோடு தப்பினோம்.

இதனைத் தவிர்ப்பது எங்ஙனம்? அந்நாட்டு வானிலைத் துறையார் 3,000 அடி முதல் 39,000 அடி வரை பல உயரங்களுக்கும் மேற்காற்றை முன்னறிவிப்பர். ஒவ்வோர் உயரத்திற்கும் நான்கு இலக்கங்கள் உண்டு. முன்னிரண்டு காற்று வரும் திசையைப் பத்துப் பத்துப் பாகையாகவும், பின்னிரண்டு வேகத்தை நாட்டிலும் உணர்த்தும். 2725 என்பது 270 பாகையினின்று, அஃதாவது மேற்கினின்று, வரும் 25 நாட் காற்றாம். 9900 என்பது திசை நிலையாத மென்காற்று. வேகம் நூற்றை எட்டின் திசையெண்ணோடு 50 கூட்டி எழுதுவர். ஆதலின் 7315 என்பது 230 பாகையினின்று 115 நாட். இத்திசைகள் மெய்வடக்கைப் பற்றியன, காந்த வடக்கையல்ல.

நாம் பறந்த அன்று 6,000 அடியில் காற்று 15 நாட்டே. அங்குச் சென்றிருப்பின் 141 நிமிடத்தில் சேர்ந்திருப்போம். திரும்புங்கால் 9,000 அடியே நன்று. காற்று குறுக்கே வீசின், விமானத்தின் முகத்தைக் காற்றை நோக்கித் திருப்பல் வேண்டும். 100 நாட் விமானத்திற்கு 25 நாட் குறுக்குக்காற்று ஏறத்தாழ 14½ பாகைத் திருப்பம் கேட்கும்.

நிற்க. போகையில் இழந்த நேரத்தை மீள்கையிற் பெறலாம் என எண்ணுவாரும் உளர். அது பிழை. 25 நாட் காற்றில் போக 160 நிமிடம், மீள 96 நிமிடம், ஆகமொத்தம் 256. காற்றின்றேல் 240 நிமிடமே. எதிர்க்காற்றில் விமானம் நெடுநேரம் நிற்றலே இதற்குக் காரணம்.

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி, ஸ்டார் டஸ்ட் என்னும் விமானம் ஆண்டிஸ் மலைகளைக் கடந்து சாண்டியாகோவுக்குச் சென்றது. மேகத்தினூடே தரை காணாது பறந்தோர், கடுமையான எதிர்க்காற்றை அறியாமையால், மலையைக் கடந்துவிட்டதாகக் கருதித் தாழ இறங்கினர் என்பது ஆராய்ந்தோர் துணிபு. டுபுங்காட்டோ மலையில் மோதி 11 பேரும் மாண்டனர். 1998-ம் ஆண்டிலேதான் பனிக்கட்டியாற்றினின்று அதன் சிதைவுகள் வெளிப்பட்டன.

விளையாட்டிற் பழகியதே வினையில் கைகொடுக்கும். ஆதலின், எரிபொருளை அளக்குமுன் காற்றை அளப்போமாக.