பார்சலுக்கு முன்னே போக வேண்டிய தகவல்

அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மஞ்சள் தூளும் பருப்புப் பொடியும் அனுப்பிவிட்டு, டிராக்கிங் பக்கத்தில் ஒரே வரியை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் நம் ஊரில் ஏராளம். விமானம் கிடைக்கவில்லை போலும் என்றுதான் நினைப்பார்கள். சில சமயம் அதுவும் உண்மை. ஆனால் பார்சலைப் பற்றிய தகவல் சரியாகப் போய்ச் சேராததால் ஏற்படும் தாமதங்களும் நிறைய. இன்று வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் அதன் விவரம் கணினி வழியே போயாக வேண்டும்.

முதலில் பெட்டியின் மேல் ஒட்டும் பார்கோடைப் பார்ப்போம். அதில் 13 இடங்கள். முதலிரண்டும் சேவையைச் சொல்லும் ஆங்கில எழுத்துகள். ‘ஈ’ என்று தொடங்கினால் ஈ.எம்.எஸ். விரைவு அஞ்சல், ‘ஆர்’ என்றால் பதிவு அஞ்சல். பிறகு 8 இலக்க வரிசை எண், ஒரு சோதனை இலக்கம், கடைசியில் நாட்டின் குறியீடு. இந்தியாவுக்கு ‘ஐ.என்.’

அந்தச் சோதனை இலக்கத்தில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. வரிசை எண் 47312482 என்று வைத்துக்கொள்வோம். இதன் இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 200 வரும். அதை 11ஆல் வகுத்தால் மீதி 2. அந்த 2ஐ 11இலிருந்து கழித்தால் 9. அதுதான் சோதனை இலக்கம். யாராவது அவசரத்தில் 47 என்பதை 74 என்று தட்டிவிட்டால் விடை 3 ஆகிவிடும். எண் தவறு என்று கணினி அங்கேயே கண்டுபிடித்துவிடும். இந்தப் பொது வடிவத்தை வகுத்தது, 1874இல் பெர்ன் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் பிறந்த சர்வதேச அஞ்சல் ஒன்றியம். இந்தியா 1876இலேயே அதில் சேர்ந்துவிட்டது.

இந்த எண்ணை வைத்துத்தான் பார்சல் ஒவ்வொரு கட்டமாகப் பதிவாகிறது: கவுன்ட்டரில் பெற்றது, நம் நாட்டு அனுப்புநிலையத்தை விட்டுப் போனது, அந்த நாட்டு நிலையத்துக்கு வந்தது, சுங்கத்தில் நிறுத்தப்பட்டது, விடுவிக்கப்பட்டது, கையில் கொடுத்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான் பார்சல் ‘காணாமல்’ போகிறது. அப்போது அது விமான நிறுவனத்தின் பொறுப்பில், ஏதோ ஓர் இடைவழி விமான நிலையத்தில்கூட இருக்கலாம். பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் வெளிநாட்டு அஞ்சலின் பெரும்பகுதி போகிறது. அதனால்தான் 2020இல் கொரோனாவால் பயணிகள் விமானங்கள் நின்றதும் அஞ்சலும் தேங்கியது. வான்வெளி மூடப்படும்போதும் இதே கதைதான்.

தகவல் முன்னே போக வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் 2018இல் சட்டமானது. தபாலில் ஃபென்டனில் போன்ற போதைப்பொருள் வருவதைத் தடுப்பதற்காக வந்த சட்டம் அது. அனுப்புபவர், பெறுபவர், உள்ளே இருக்கும் பொருள், எடை, விலை ஆகிய விவரங்கள் மின்னணு வடிவில் முன்கூட்டியே போகவில்லை என்றால் அந்தப் பெட்டி மறுக்கப்படலாம்.

அடுத்த அடி 2025இல் விழுந்தது. குறைந்த மதிப்புள்ள பொருள்களுக்கு அமெரிக்கா 1938 முதல் சுங்க விலக்கு தந்துவந்தது. 2016இல் அதன் வரம்பு 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்ந்தது. இணையக் கடைகள் பெருகின. 2024 நிதியாண்டில் மட்டும் இந்த விலக்கில் உள்ளே போன பார்சல்கள் சுமார் 136 கோடி. இவ்வளவு வந்தால் ஒரு நாடு விதியை மாற்ற நினைப்பது நியாயமே. மாற்றிய விதம்தான் நியாயமில்லை. ஜூலை 30 அன்று ஆணை வந்தது. ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் விலக்கு ரத்து. வரியை யார் வசூலிப்பது, எப்படிச் செலுத்துவது? ஆகஸ்ட் 15இல் வந்த வழிகாட்டுதலிலும் இதற்குத் தெளிவான பதில் இல்லை. பொறுப்பு யாருடையது என்று தெரியாத சரக்கை ஏற்ற விமான நிறுவனங்கள் மறுத்தன.

இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் கடிதம், ஆவணம், 100 டாலர் வரையிலான பரிசுப்பொருள் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியது. சில நாட்களில் அவையும் நின்றன. உலகம் முழுவதும் 88 அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்காவுக்கான சேவையை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்தின. அங்கே போகும் அஞ்சல் 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. நம் சேவை அக்டோபர் 15 அன்று மீண்டும் தொடங்கியபோது, அமெரிக்காவுக்கான சுங்க வரியை இங்கேயே முன்கூட்டி வசூலிக்கும் ஏற்பாடு வந்திருந்தது. அப்போதைய விகிதம், அறிவித்த மதிப்பில் 50 சதவீதம். தீபாவளிக்கு அப்போது ஐந்தே நாள் இருந்தது. பண்டிகைக்காக வீட்டில் செய்த பலகாரமும், கைத்தொழில் செய்பவர்களின் ஆர்டரும் அந்த ஏழு வாரங்களில் தபாலில் போக வழியில்லாமல் நின்றன. வர்த்தகப் போரில் முதலில் அடிபட்டவர்கள் இவர்கள்தான்.

விதியை மாற்றுவது நம் கையில் இல்லை. படிவத்தைச் சரியாக நிரப்புவது நம் கையில் இருக்கிறது. ‘பரிசு’, ‘வீட்டுச் சாமான்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘பருத்திச் சட்டை, 2, விலை இவ்வளவு’ என்று எழுதுங்கள். பொருளின் சுங்கக் குறியீட்டையும் சேருங்கள். மஞ்சளுக்கு 091030 என்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் உலகப் பொதுவான ஆறு இலக்க எண் உண்டு. விலையைக் குறைத்துப் போடாதீர்கள். சந்தேகம் வந்தால் பெட்டியைப் பிரிப்பார்கள். பெறுபவரின் கைபேசி எண்ணை விடாமல் எழுதுங்கள். போன முறை அனுப்பிய அனுபவத்தை நம்பாமல், அந்த நாட்டுக்கு இன்றைய விதி என்ன என்று பணம் கட்டுவதற்கு முன் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.