சீஷராக்க வந்தவரே சீஷரானார்... தெரியுமா?

ஒருவரை விசுவாசத்துக்குள் நடத்த என்ன வேண்டும்? மேடையா? மைக்கா? 300 வருஷங்களுக்கு முன்னால் தரங்கம்பாடிக்கு வந்த ஒரு ஜெர்மன்காரருக்கு முதலில் தேவைப்பட்டது என்ன தெரியுமா? கைப்பிடி மணல்!

வயது 24கூட நிரம்பவில்லை!
1706 ஜூலை 9. சீகன்பால்கு ஐயர், தோழர் புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் கால் வைத்தார். அனுப்பியவர் யார்? டென்மார்க் ராஜா நான்காம் பிரெடரிக்! ராஜா அனுப்பிய ஆளாயிற்றே, கோட்டையில் தடபுடல் வரவேற்பா? அதுதான் இல்லை! மணிக்கணக்கில் காக்க வைத்தார்கள்!

அ... ஆ... மணலில்!
போதிக்க வந்தவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது! என்ன செய்தார்? திண்ணைப் பள்ளிக்கூடப் பொடியன்களோடு தரையில் உட்கார்ந்தார். விரலால் மணலில் ‘அ’ போட்டார், அழித்தார், மறுபடி போட்டார்! வாத்தியாரோ உள்ளூர்க்காரர்! இரண்டே வருஷத்தில் 100-க்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேகரித்துப் பட்டியலே போட்டுவிட்டார். அதில் திருக்குறளும் உண்டு! கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்ததும் இவர்தான்!

முதல் ஐவர் யார்?
1707 மே 12. முதல் ஞானஸ்நானம். பெற்றவர்கள் ஐந்து பேர். பெரிய மனிதர்களா? இல்லை! டேனிஷ்காரர்கள் வீட்டு அடிமைகள்!

சீகன்பால்கு ஐயரைச் சிறையில் தள்ளியது யார்?
நாயக்கரா? மராட்டியரா? இல்லவே இல்லை! அதே டேனிஷ் கோட்டையின் தளபதி! நாலு மாதம் உள்ளே! வெளியே வந்ததும் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711-ல் முடித்தே விட்டார்!

கடத்தப்பட்ட அச்சு இயந்திரம்!
இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இயந்திரம், வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. எங்கே? பிரேசில் பக்கம்! கூட வந்த அச்சுக்காரர் பயணத்திலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது! ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளோ பெரிது பெரிதாக இருந்தன, காகிதத்தை விழுங்கின. சின்ன எழுத்து வார்க்க ஈயம் எங்கே கிடைத்தது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பா மூடியில்! 1715-ல் புதிய ஏற்பாடு அச்சில் முடிந்தது. இந்திய மொழிகளிலேயே இதுதான் முதல்!

154 வருஷம் தூங்கிய புத்தகம்!
தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி 1713-ல் ஜெர்மனிக்கு அனுப்பினார். ‘இதற்காகவா உம்மை அனுப்பினோம்?’ என்கிற பாணியில் அச்சிட மறுத்துவிட்டார்கள்! அது வெளியானது எப்போது? 1867-ல்! எங்கே? சென்னையில்!

எப்வொர்த் சமையலறைக்கும் தரங்கம்பாடிக்கும் என்ன தொடர்பு?
இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூர். குருவானவரின் மனைவி சூசன்னா வெஸ்லி, தரங்கம்பாடி ஊழியச் செய்திகளைப் படித்து உருகிப்போனார். உடனே, தன் பிள்ளைகளோடு தினம் ஒருவராகத் தனியே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்! வியாழக்கிழமை யாருக்கு? ஜான் வெஸ்லிக்கு! ஆம், பிற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினாரே, அவரேதான்! ஞாயிறு மாலைகளில் அந்த அம்மாவின் சமையலறையில் கூடியவர்கள்? 200 பேர்!

கை மாறிய தீபம்!
1733-ல் குருப்பட்டம் பெற்றார் ஆரோன். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் போதகர், கடலூர்த் தமிழர்! சீகன்பால்கு பாதியில் விட்ட பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தவர் சூல்ட்சே. ஜெர்மனி திரும்பிய சூல்ட்சேயிடம் தமிழ் கற்றவர் சுவார்ட்ஸ் ஐயர். சுவார்ட்ஸிடம் 1778-ல் ஞானஸ்நானம் பெற்றவர் குளோரிந்தா அம்மையார். அவர் பாளையங்கோட்டையில் எழுப்பிய ஆலயம் 1785-ல் திறக்கப்பட்டது. இன்றும் ஊர்வாயில் அது ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’!

நாலே மாதம்!
தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 1718 அக்டோபரில் பிரதிஷ்டை. சீகன்பால்கு ஐயர் கண்மூடியது 1719 பிப்ரவரியில். வயது 36! அடக்கம் செய்ததும் அதே ஆலயத்துக்குள்தான்! வெளியே வந்து நடந்தால் கொஞ்ச தூரத்தில் கடற்கரை.

அங்கே குனிந்து ஒரு ‘அ’ எழுதிப் பாருங்களேன்! அவர் தொடங்கியதும் அப்படித்தானே?