மறந்தவர் பெயர் சொல்லி அழைக்கும்போது



நம் கோவில்பட்டிக் கரிசல் ஊர்களில் மறதிநோய் முற்றிய முதியோரைச் சந்திக்கச் செல்லும்போது, வீட்டார் தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒரு செய்தியைக் கேட்கிறோம். பெற்ற மகனையே "நீ யாருய்யா?" என்று கேட்டுவந்த தாய், ஒருநாள் விடியலில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "பருத்தி எடுத்தாச்சா?" என்கிறார். கஞ்சி வாங்கிக் குடிக்கிறார். பொழுது சாய்வதற்குள் பழையபடி ஆகிவிடுகிறார்.

"அணையப்போற விளக்கு" என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. ஜெர்மானிய உயிரியலாளர் மிகாயேல் நாம் 2009-இல் இதற்கு 'இறுதித் தெளிவு' என்று பெயரிட்டார். அவர் திரட்டிய நிகழ்வுகளில் பெரும்பாலானவை இறப்புக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் நடந்தவை. ஆனால் தெளிந்த பிறகு பல மாதம் வாழ்ந்தவர்களும் உண்டு. வெயிலில் நீர்ச்சத்து குறைந்தோ, சிறுநீர்த் தொற்றாலோ கூடுதலாகக் குழம்பியவர் சிகிச்சைக்குப்பின் தெளிவது வேறு. அதற்கு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அழிந்த மூளை நரம்புகள் ஓர் இரவில் முளைப்பதில்லை. அப்படியானால் போன பேச்சு எப்படித் திரும்புகிறது? நினைவுகளில் சில அழியாமல், எட்டாத ஆழத்தில் கிடந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆராய்வோர். கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, கயிறுதான் எட்டவில்லை. கரிசல்காட்டில் இதை விளக்கவா வேண்டும்!

இது குணமானதன் அடையாளம் அல்ல, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். "இவ்வளவு நாளும் நடிச்சியா?" என்றும் கேட்காதீர்கள். படுக்கையருகே நின்றுகொண்டு பங்கு பிரிப்பதையும், "எப்பப் போய்ச் சேருமோ" என்பதையும் பேசுகிறோமே, அதை இனியாவது வெளியே வைத்துக்கொள்வோம். காதில் விழுகிறதா இல்லையா என்று நம்மால் சொல்ல முடியாது. தெளிவு வந்தால் பத்திரத்தைத் தேடி ஓடாமல், பக்கத்தில் உட்காருங்கள். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைக்குப் போன் போட்டுக் கொடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அப்போதே கேட்டுவிடட்டும்.

பாவசங்கீர்த்தனம் செய்யவும் நற்கருணை வாங்கவும் அதுவே நல்ல வேளை. தெளிவு வராமலே போனால்? இன்னும் சிலர் 'அவஸ்தை' என்றே சொல்லும் நோயில்பூசுதல், சாகும் தறுவாயில் மட்டும் தருவதல்ல. சுயநினைவோடு இருந்தபோது வாய்திறந்து கேட்காவிட்டாலும், விரும்பியிருப்பார் என்றாலே அதைக் கொடுக்கலாம். திருச்சபைச் சட்டம் 1006 அப்படித்தான் சொல்கிறது. ஆகவே இரவானாலும் தயங்காமல் பங்குத்தந்தைக்குச் சொல்லி அனுப்புங்கள்.