செல்ல நாயின் தட்டில் சேரக் கூடாதவை

தை முதல் நாளில் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் அடுப்புகள் வரிசையாக மூட்டப்பட்டுப் பொங்கல் பானைகள் பொங்கி வழிவதை மும்பைத் தமிழர் நன்கு அறிவர். பானை இறங்கியதும் முதலில் சூரியனுக்குப் படையல், பிறகு வீட்டாருக்கு, அக்கம்பக்கத்தாருக்கு. ஒரு கரண்டி வாசலில் வாலாட்டி நிற்கும் நாய்க்கும் போகும். பகிர்ந்துண்ணும் இந்தப் பழக்கத்தில் குறை காண எவருக்கும் மனம் வராது. ஆயினும் அந்தச் சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்துப் போட்ட உலர் திராட்சை, நாயின் சிறுநீரகங்களை ஓரிரு நாள்களில் செயலிழக்கச் செய்யக்கூடும்.

திராட்சை நாய்களுக்கு நஞ்சாகும் என்பதை, அமெரிக்காவின் விலங்கு நச்சுத்தடுப்பு மையம் ஒன்று 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தன்னிடம் வந்த அழைப்புகளிலிருந்து கண்டுகொண்டது. காரணம் மட்டும் நெடுங்காலம் புலப்படவில்லை. பூஞ்சையா, பூச்சிமருந்தா என்றெல்லாம் தேடினர். 2021இல் அம்மையத்தினர், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று அறிவித்தனர். அடுமனைகளில் பயன்படும் கிரீம் ஆஃப் டார்டர் என்னும் பொடியை உண்ட நாய்களுக்கும் அதே பாதிப்பு நேர்ந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த துப்பு. இந்த அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நமக்கு அந்நியமானதன்று. அன்றாடம் கரைத்து ஊற்றும் புளியே அது. ஆகவே புளியோதரையும் வத்தக்குழம்புச் சோறும் நாயின் தட்டுக்குப் போகாமலிருப்பதே நல்லது.

திராட்சையின் வகைக்கும் பழுத்த நிலைக்கும் ஏற்ப அமிலத்தின் அளவு மாறும். அதனால் ஒரு நாய் கைப்பிடி தின்றும் நலமாக இருக்கும். மற்றொன்று சில பழங்களிலேயே நோயுறும். 'சென்ற முறை ஒன்றும் ஆகவில்லையே' என்னும் சமாதானம் இங்கே செல்லாது. நாசிக் திராட்சை தள்ளுவண்டிகளில் குவியும் மாதங்களில் குழந்தைகளிடம் இதைச் சொல்லி வைப்பது அவசியம்.

புளியைக் காட்டிலும் நம் வீடுகளில் பெரிய ஆபத்து வெங்காயம் என்பது என் எண்ணம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சின்ன வெங்காயச் சாம்பார் மணக்காத தமிழ் வீடு ஏது? வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்த நச்சுத்தன்மை அகல்வதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் இரத்தத்தில் மாற்றத்தை உண்டாக்கப் போதுமானது. 5 கிலோ எடையுள்ள சிறு நாய்க்கு 75 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயம். பூண்டின் வீரியம் இதனினும் அதிகம். சிறிது சிறிதாகப் பல நாள்கள் உண்டாலும் கேடு சேர்ந்துகொண்டே போகும்.

இதில் வஞ்சகம் யாதெனில், அறிகுறிகள் உடனே தோன்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தின்ற சாம்பார் சாதத்தின் விளைவு புதன் அல்லது வியாழனன்று வெளிப்படலாம். நாய் சோர்ந்து படுக்கும், ஈறுகள் வெளுக்கும், சிறுநீர் செம்பழுப்பு நிறமாகும். வெயிலின் களைப்பு என்று நாம் எண்ணிக்கொள்வோம்.

சாக்லேட்டைப் பற்றிப் பலரும் அறிந்திருப்பர். அதிலுள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். கறுப்புச் சாக்லேட் 50 கிராம் இருந்தால் 5 கிலோ நாயின் இதயத் துடிப்பைத் தடுமாறச் செய்துவிடும். காபியிலுள்ள காஃபீனும் அதே இனத்தது. ஃபில்டரிலிருந்து தட்டிய காபி மண்டியைத் திறந்த குப்பைக் கூடையில் போடாதீர்கள். சர்க்கரையற்ற சூயிங்கம் சிலவற்றில் சேரும் சைலிட்டால், நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திலேயே அபாயகரமாகக் குறைத்துவிடும். உறையில் 967 என்னும் எண் இருந்தால் அது சைலிட்டால்தான். சமைத்த கோழி எலும்பு நஞ்சன்று. ஆனால் கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

தவறு நேர்ந்துவிட்டால் உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதைச் செய்யவே கூடாது, உப்பே நஞ்சாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்பவற்றைக் குறித்துக்கொண்டு, உறை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்திற்குள் சென்றால், வயிற்றிலுள்ளதை வெளியேற்ற மருத்துவருக்கு நல்வாய்ப்பு உண்டு. அறிகுறி தோன்றட்டும் எனக் காத்திருந்தால் அவ்வாய்ப்பு நழுவிவிடும். பரேலில் 1880களில் தொடங்கப்பட்ட பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளைகள் 2024 ஜூலையில் திறந்த சிறு விலங்குகள் மருத்துவமனை இரவு பகல் இயங்குகிறது. செல்லப்பிராணிக் காப்பீடு எடுத்திருப்போர், நஞ்சுண்ட நிகழ்வு அதில் அடங்குமா என்று இன்றே ஒருமுறை ஆவணத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

அப்படியானால் நாய்க்கு எதைத்தான் வைப்பது? வெறும் சோறு, அவித்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி, அவித்த காரட் இவை போதும். தாளிக்காத தயிர்ச் சோறு சிறிதளவு பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். இதற்கெனத் தனியே சமைக்க வேண்டியதில்லை. வீட்டார் உண்ணுமுன் காக்கைக்குச் சோறு எடுத்து வைப்போமல்லவா, அவ்வாறே குழம்பு ஊற்றுமுன் நாயின் பங்கையும் எடுத்து வைத்துவிடலாம். எங்கள் குடியிருப்பின் காவலாளி, வீடுகளில் மிஞ்சியதையெல்லாம் ஒரே வாளியில் கலந்து இரவில் மூன்று தெரு நாய்களுக்கு இடுவது வழக்கம். இப்போது வாளிக்குப் பக்கத்தில் மூடியிட்ட தூக்கு ஒன்றும் வைத்திருக்கிறார். வெள்ளைச் சோறு மட்டும் அதில் விழுகிறது.